முதலில் கேட்போம்



பக்தி ஒன்பது வகை. அதில் முதலாவது எது என்று சமய வகுப்பில் கேட்டால், சின்னப் பிள்ளைகூட "சிரவணம்" என்று சொல்லிவிடும். சிரவணம் என்றால் கேட்டல். பாடுவதற்கும் பூசை செய்வதற்கும் முன்னால் கேட்பதை ஏன் வைத்தார்கள்? பொறியியல் படிக்கும் எனக்கு அது புரிந்தது போர்ட்டிக்சன் படகுத்துறையில்தான்.

கடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்த ஒலியைப் பிடிக்கும் மைக்கை வீட்டிலேயே செய்யலாம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் ஒரு வட்டத் தகடு இருக்குமே, அதுதான் பியசோ. அதை அழுத்தினால் சிறு மின்சாரம் பிறக்கும். தகட்டில் ஒயரைச் சோல்டர் செய்து, எபோக்சி பசையால் முழுவதும் மூடி, மறுமுனையை ரிக்கார்டரில் செருகினால் வேலை முடிந்தது. சில வெள்ளிதான் செலவு.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்!

முதலில் வீட்டு வாளியில் சோதித்தேன். "உம்ம்ம்" என்ற இரைச்சல் மட்டும் கேட்டது. "டேய், இது கடலா, உங்க வீட்டு ஃபேனா?" என்று நண்பன் சிரித்தான். அது சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி. சாதாரண ஒயர் அதை இழுத்துக்கொண்டது. வலை சுற்றிய ஷீல்டு ஒயர் போட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டியதும் அடங்கியது.

இரண்டாம் முறை பசை காய்வதற்குள் அவசரப்பட்டுக் கடலில் இறக்கினேன். தண்ணீர் புகுந்து தகடு செத்துப்போனது. மூன்றாம் முறை ஒயர் தூணில் உரசிய சத்தமும், எங்கள் காலடியும் பேச்சும்தான் பதிவாகின.

யோசித்துப் பார்த்தேன். மூன்று முறையும் நான் கேட்டது கடலை அல்ல, என்னையேதான்.

நான்காம் முறை ஒரு நாள் முழுக்கப் பசையைக் காயவிட்டேன். ஒயரில் ஈயக்குண்டு கட்டித் தூணிலிருந்து தள்ளி இறக்கினேன். யாரும் அசையவில்லை. அப்போது கேட்டது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல, நிற்காமல், எல்லாப் பக்கமும்! அவை சொடுக்கு இறால்கள். விரல் நீள உயிர்தான். கொடுக்கைப் பட்டென்று மூடும்போது ஒரு குமிழி பிறந்து நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் சத்தம் என்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான் எத்தனையோ முறை குளித்த கடல், "அமைதியான கடல்" என்று சொல்லிக்கொண்டிருந்த கடல் அது.

கொஞ்ச நேரத்தில் ஒரு விசைப்படகு வந்தது. இறால் சத்தம் முழுவதும் அதில் மூழ்கிவிட்டது. காதை நம்பி வாழும் மீனும் ஓங்கிலும் என்ன செய்யும் என்று அப்போதுதான் உறைத்தது.

திரங்கானுவில் ஜூரு செலாம் எனப்படும் மீனவர்கள், எந்தக் கருவியும் இல்லாமல் தலையை நீருக்குள் வைத்தே மீன் கூட்டத்தைக் கேட்டறிந்தவர்கள். அவர்களிடம் இருந்தது பழகிய காதும் பொறுமையும்தான்.

சிரவணம் ஏன் முதலில் என்று இப்போது சொல்வேன்: தன் சத்தத்தை அடக்காதவனுக்கு வேறு எதுவும் கேட்காது. கோயிலிலும் அப்படித்தான், வீட்டில் அம்மா பேசும்போதும் அப்படித்தான்.

இந்த வாரம் ஒரு தகடு வாங்கிச் செய்து பாருங்கள். தனியாகக் கடலுக்குப் போகாதீர்கள். பேட்டரி மட்டும் பயன்படுத்துங்கள். இறக்கியபின் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டமான பாகம்.