வாட்ஸ்ஆப் மருத்துவச் செய்தி உண்மையா? மருத்துவ நூலகத்தில் தேடிப் பார்ப்போம்!

"சர்க்கரை நோயை 15 நாளில் விரட்டும் கஷாயம்!" "இந்தத் தடுப்பூசி ஆபத்து, வெளிநாட்டு ஆய்வில் உறுதி!" இப்படி ஒரு செய்தி உங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்புக்கும் வந்திருக்கும். படிச்சுட்டுச் சிரித்தால் பரவாயில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினாலோ, குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசியைத் தள்ளிப் போட்டாலோதான் சிக்கல்.

'வெளிநாட்டு ஆய்வு' என்கிறார்களே, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? உங்கள் போனிலேயே பார்த்துவிடலாம். கட்டணம் கிடையாது. இந்த வசதியைச் செய்து வைத்திருப்பவை மருத்துவ நூலகங்கள்.

அலமாரியிலிருந்து போனுக்கு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெத்தெஸ்டா என்ற ஊரில் இருக்கிறது அந்நாட்டின் தேசிய மருத்துவ நூலகம். உலகின் மிகப் பெரிய மருத்துவ நூலகம் இதுதான். மருத்துவ இதழ்களில் எந்தக் கட்டுரை எங்கே வந்தது என்று சொல்லும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அட்டவணை 1879-ல் அச்சில் தொடங்கியது. அந்தப் பணியின் தொடர்ச்சியாக வந்த இணையத் தேடல் வசதிதான் 'பப்மெட்'. 1997 ஜூன் மாதம் இது பொதுமக்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று 3.5 கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரம் இதில் இருக்கிறது.

பொதுமக்களுக்காகவே எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 'மெட்லைன்பிளஸ்' தளத்தையும் இதே நூலகம் 1998 முதல் நடத்துகிறது.

நூலகம் சமூக வலைக்கு வந்தபோது

தேடினால் கிடைக்கும் என்பதோடு நூலகங்கள் நிற்கவில்லை. சமூக வலைதளங்களில் நாம் பழகிய வசதிகளையே ஆய்வாளர்களுக்கும் கொடுத்தன.

• அலர்ட்: ஒரு தலைப்பைப் பதிந்து வைத்தால், அதைப் பற்றிப் புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் தேடி வரும்.
• பகிரும் தொகுப்பு: பிடித்த கட்டுரைகளைப் பட்டியலாகச் சேமித்து, லிங்க் மூலம் மற்றவர்களுக்கு அனுப்பலாம்.
• வீடியோ: எப்படித் தேடுவது என்று சொல்லித்தரும் சின்னச் சின்ன வீடியோக்கள் நூலகத்தின் யூடியூப் சேனலில் உண்டு.
• உரையாடல்: ட்விட்டரில் 'மெட்லிப்ஸ்' என்ற ஹேஷ்டேக்கில் மருத்துவ நூலகர்கள் கூடித் தொழில் அனுபவங்களைப் பேசினார்கள்.

எல்லாமே வெற்றி பெற்றுவிடவில்லை. 2013-ல் 'பப்மெட் காமன்ஸ்' என்றொரு வசதி வந்தது. கட்டுரைகளுக்குக் கீழே கருத்து எழுதலாம். ஆனால் பப்மெட்டில் ஏற்கெனவே தன் கட்டுரை இருப்பவர்தான் எழுத முடியும், அதுவும் சொந்தப் பெயரில். அத்தனை கோடிக் கட்டுரைகளில் சுமார் 6,000 கட்டுரைகளுக்குத்தான் கருத்துகள் வந்தன. 2018-ல் வசதி நிறுத்தப்பட்டது.

வசதி போனாலும், அதிலிருந்த ஒழுங்கு நமக்குப் பாடம். யார் சொன்னது, எங்கே சொன்னது, எப்போது சொன்னது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எதையும் நூலகம் அடுக்கில் வைப்பதில்லை. ஃபார்வேர்டு செய்திகளில் பெரும்பாலும் காணாமல் போவதும் இந்த மூன்றுதான்.

திரும்பப் பெறப்பட்ட ஆய்வு

சில ஃபார்வேர்டுகளில் உண்மையான ஆய்வின் பெயரே இருக்கும். அங்கேதான் கூடுதல் கவனம் தேவை. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவரது குழுவினரும் 12 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயம் அதிலிருந்து பரவியது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படித் தொடர்பு எதுவும் தென்படவில்லை. 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரும் நீக்கப்பட்டது.

இன்றும் அந்தக் கட்டுரை பப்மெட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு கண்ணில் படும். வாட்ஸ்ஆப்பில் வரும் செய்தியில் அந்த அறிவிப்பு வராதுங்க. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ஒரு குழந்தையின் தடுப்பூசி இதை நம்பித்தான் இருக்கிறது.

நீங்களே தேடிப் பார்க்க 5 படிகள்

1. போன் பிரவுசரில் பப்மெட் தளத்தைத் திறங்க. தேடும் சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். மஞ்சளும் சர்க்கரை நோயும் பற்றி என்றால், அந்த இரண்டு சொற்களுக்கான ஆங்கிலப் பெயர்கள் போதும்.
2. வடிகட்டும் பகுதியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதைத் தேர்வு செய்யுங்க. ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு சொல்லாமல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரைகள் வரும்.
3. ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடம் நடந்ததா என்று பாருங்க. எத்தனை பேரிடம், எந்த ஆண்டு என்பதையும் கவனிங்க.
4. திரும்பப் பெற்ற அறிவிப்போ, திருத்தமோ இருக்கிறதா என்று சரிபாருங்க.
5. தொடர்ந்து தெரிந்துகொள்ள 'கிரியேட் அலர்ட்' பட்டனை அழுத்துங்க. கூகுள் கணக்கைக் கொண்டே உள்நுழையலாம். தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என எது வேண்டுமோ அதைத் தேர்வு செய்யலாம்.

ஆங்கிலம் சிரமமா?

'கோக்ரேன்' என்ற பன்னாட்டு அமைப்பு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசி, முடிவுகளை எளிய சுருக்கமாகவும் தருகிறது. அதன் தளத்தில் மொழி தேர்வில் 'தமிழ்' என்பதை அழுத்தினால், பல சுருக்கங்களைத் தமிழிலேயே படிக்கலாம். எல்லாத் தலைப்புக்கும் தமிழில் இருக்காது. இருப்பவை நன்றாகவே பயன்படும்.

இந்தியாவில் ஒரு மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால், அந்த விவரத்தை 'சி.டி.ஆர்.ஐ.' பதிவேட்டில் தேடலாம். 2007-ல் தொடங்கப்பட்ட இந்தப் பதிவேட்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மறக்க வேண்டாம்

ஆய்வுக் கட்டுரை பொதுவான அறிவைத்தான் தரும். உங்க வயசு, உங்க மற்ற நோய்கள், நீங்க சாப்பிடும் மருந்துகள் எதுவும் அதற்குத் தெரியாது. எனவே எதைப் படித்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கண்டுபிடித்த கட்டுரையின் லிங்க்கைச் சேமித்து வைத்து, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டிக் கேளுங்க. உடனே ஆலோசனை வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

குரூப்பில் அடுத்த மருத்துவச் செய்தி வரும்போது, அனுப்பியவரிடம் கோபப்படத் தேவையில்லை. "இது எங்கே வந்தது, எந்த வருஷம்?" என்று மட்டும் கேளுங்க. பதில் வந்தால் தேடிப் பார்க்கலாம். வராவிட்டால், அந்தச் செய்தி உங்க போனோடு நிற்கட்டும்.