ஒரு ‘வை’ காட்டிக்கொடுத்த விடை: வினா எழுதுவதை ஆன்லைனில் கற்பிக்க

ஆசிரியர்களுக்கு வினாத்தாள் தயாரிப்பு பற்றி ஆன்லைனில் வகுப்பெடுக்கப் போகிறீர்களா? புளூமின் வகைப்பாட்டை முக்கோணமாகப் போட்ட ஸ்லைடை முதலில் ஓரமாக எடுத்து வையுங்கள். பி.எட். படித்த எல்லோரும் பார்த்த படம் அது. திரையில் வந்ததுமே கேமராவை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். மோசமான கேள்வி ஒன்றோடு ஆரம்பியுங்கள். நான் வழக்கமாகப் போடுவது இது:

ராதர்ஃபோர்டு அணுவின் ______வைக் கண்டறிந்தார்.
அ) எலக்ட்ரான் ஆ) உட்கரு இ) நியூட்ரான் ஈ) புரோட்டான்

இதை மென்டிமீட்டரில் வாக்கெடுப்பாக விடுங்கள். எல்லோரும் வாக்களித்து முடிக்கும்வரை முடிவை மறைத்துவையுங்கள். பட்டை வளர்வது கண்ணில் பட்டால் கூட்டம் அதன் பின்னாலேயே போய்விடும். ஒரு வகுப்பில், பள்ளியோடு இயற்பியலை மறந்துவிட்ட வரலாற்று ஆசிரியர்கள் உட்பட அத்தனை பேரும் ‘ஆ’வைத்தான் அழுத்தியிருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். தமிழாசிரியை ஒருவர் மைக்கைத் திறந்தார். “இதுக்கு இயற்பியல் எதுக்கு சார்? எலக்ட்ரானை, நியூட்ரானை, புரோட்டானை. ‘வை’ வர்றது உட்கருவுக்கு மட்டும்தானே?”

இந்தக் கேள்வியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. புரோட்டானைக் கண்டறிந்தவரும் ராதர்ஃபோர்டுதான். ‘வை’யை எடுத்துவிட்டால் இரண்டு விடை சரியாகிவிடும். ‘1911இல்’ என்று சேர்த்தால் தப்பிக்கலாம், ஆனால் அது ஆண்டை மனப்பாடம் செய்த பிள்ளைக்கான கேள்வி. ‘தங்கத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் மிகச் சில மட்டுமே திரும்பி வந்தன, அணுவைப் பற்றி இது என்ன சொல்கிறது?’ என்று கேட்டால்தான் புரிதல் வெளியே வரும். புளூமைப் பற்றிப் பேச இதுதான் நேரம்.

அடுத்து, எல்லோரும் திருத்தக்கூடிய கூகுள் ஷீட் ஒன்றைத் திறங்கள். பாடத்தின் கற்றல் விளைவுகளை வரிசைகளில் எழுதுங்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் முதலிய நிலைகள் நெடுவரிசைகள். அவரவர் பள்ளியில் கடைசியாகக் கொடுத்த வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்வியின் மதிப்பெண்ணையும் உரிய கட்டத்தில் போடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, முதல் நெடுவரிசை நிரம்பி வழியும், மற்றவை காய்ந்து கிடக்கும். விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. கைப்பேசியில் ஷீட்டைத் திருத்துவது பெரும் அவஸ்தை. கைப்பேசியில் வந்தவர்களை மடிக்கணினி வைத்திருப்பவரோடு சேர்த்துவிடுங்கள்.

பிறகு இருவர் இருவராக ஜூமின் தனி அறைகளுக்கு அனுப்பி, ஆளுக்கு இரண்டு கொள்குறி வினா எழுதவையுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும். 0.3 × 0.2 = ? என்ற கேள்விக்கு 0.6 என்பது, புள்ளிக்குப் பின் எத்தனை இடம் என்று பார்க்காத பிள்ளையின் விடை. 0.5 என்றால் பெருக்காமல் கூட்டியிருக்கிறது. 7.4 என்று யாரும் எழுதப்போவதில்லை. அது இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டால் தவறான விடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

எழுதிய கேள்விகளை கூகுள் ஃபார்ம்ஸில் ஏற்றி, அமைப்புகளில் வினாடி வினாவாக மாற்றி, ஒருவர் கேள்விக்கு மற்றவர்களைப் பதிலளிக்கச் செய்யுங்கள். பதில்களை ஷீட்டோடு இணைத்து, மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்துங்கள். 32 பேர் என்றால் மேலே 9 பேர், கீழே 9 பேர், அதாவது 27 சதவீதம். புள்ளியியலாளர் ட்ரூமன் கெல்லி 1939இல் கணக்கிட்டுச் சொன்ன அளவு இது. ஒரு கேள்விக்கு மேல் அணியில் 8 பேரும் கீழ் அணியில் 3 பேரும் சரியாகப் பதிலளித்திருந்தால், 8-இல் 3 போக 5. அதை 9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.56. நல்ல கேள்வி. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. எதிர்மறையாக வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும். மூடுல் கற்றல் தளம் வைத்திருப்பவர்களுக்கு இதைப் போன்ற கணக்கை அதுவே போட்டுக் கொடுக்கும். ஆனால் முதல் தடவை கையால் போடுவதுதான் நல்லது. பதிலளித்தவர்கள் ஆசிரியர்கள், அதுவும் சிலர்தான் என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விரிவான விடைகளுக்கு வேறு வித்தை. பெயர் மறைத்த ஒரே விடைத்தாளைப் படமாகக் காட்டி, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொருவரையும் ஃபார்மில் போடச் சொல்லுங்கள். ஒருவர் 2 போட்டிருப்பார், இன்னொருவர் 5. “கையெழுத்து நல்லா இருந்துச்சு” என்று யாராவது ஒப்புக்கொள்ளும்வரை பேசவிடுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சேர்ந்தே பட்டியல் எழுதி, அதே விடையை மறுபடி திருத்தச் சொல்லுங்கள். இரண்டு முறையும் போட்ட மதிப்பெண்களின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தைத் துண்டித்துவிடும். ஒரு அமர்வுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேறாத கேள்விகளை அழித்துவிட வேண்டாம். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு ஒரு தனி ஷீட்டில் சேர்த்துவையுங்கள். அடுத்த அணி வரும்போது முதல் நாள் வாக்கெடுப்புக்கு அதுதான் சரக்கு.