ஆட்டுக்குட்டி இல்லாத காணிக்கை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். லீவு கிடைக்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். உண்மைக் காரணத்தை உன் தம்பி என்னிடம் சொன்னான். வீட்டில் எல்லோருக்கும் துணி எடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும், அக்கம்பக்கத்துக்குக் கேக் கொடுக்க வேண்டும். கிரெடிட் கார்டிலோ போன வருஷத்துப் பாக்கியே தீரவில்லை. சென்னையில் வேலை பார்க்கிற பெண் வெறுங்கையோடு வந்து நின்றால் ஊர் என்ன பேசும் என்று பயப்படுகிறாய். அவனைக் கோபிக்காதே. உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான்.

இன்று ராத்திரி லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தை எடு. ஞாயிறு பள்ளி நாடகம், மேய்ப்பர்கள் வந்து முன்னணையில் பிள்ளையைப் பார்ப்பதோடு முடிந்துவிடும். அதனால் கதையே அவ்வளவுதான் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. நீ 22ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசி. மரியாளும் யோசேப்பும் பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளை பெற்ற தாய், சுத்திகரிப்பின் நாட்கள் முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும் என்பது லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவந்தால் போதும் என்று அதே அதிகாரத்தின் கடைசி வசனம் இடம் கொடுக்கிறது. லூக்கா ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசவேயில்லை. புறாக்களை மட்டும் சொல்கிறார்.

அந்த வீட்டின் நிலைமை என்ன என்பது அன்று அவர்கள் கையைப் பார்த்த யாருக்கும் புரிந்திருக்கும். உலக இரட்சகரைச் சுமந்துகொண்டு, ஏழைகளின் காணிக்கையோடு உள்ளே போனார்கள். ஆட்டுக்குட்டி இல்லையே என்று வராமல் இருந்துவிடவில்லை. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். அவர் மனுஷனானார் என்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுகிறோமே, அப்படி ஆனவர் நம் பசிக்குள்ளும் களைப்புக்குள்ளும் மட்டுமா வந்தார்? மாசக் கடைசியின் பற்றாக்குறைக்குள்ளும்தான் வந்து பிறந்தார். அதை மறைத்துத்தான் அவர் பிறப்பைக் கொண்டாட முடியும் என்று உனக்கு யார் சொன்னது?

புதுத்துணியும் முறுக்கும் தப்பென்று நான் சொல்லவில்லை. உன் பெரியம்மா முந்திரிக்கொத்து சுடும் வாசனை இல்லாமல் எனக்கும் பண்டிகை நிறையாது. ஆனால் தவணையில் வாங்கிய சந்தோஷத்துக்கு மார்ச் மாதம் வரை வட்டி கட்டுவதை அந்தப் பிள்ளையின் பேரில் செய்யாதே. நம் பக்கத்திலேயே பார். விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்கள் தங்குவதற்காக 1799இல் உண்டானதுதான் முதலூர். தாவீது சுந்தரானந்தம் முன்னின்று குடியேற்றிய ஊர் அது. வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்கள் கொண்டாடியதும் இதே பிறப்பைத்தான்.

ஆலயத்தில் அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டவர்கள் யார் என்றும் கவனி. கண்ணை மூடுமுன் மேசியாவைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்த சிமியோன். ஆலயத்தை விட்டு நீங்காதிருந்த விதவை அன்னாள். அவர்கள் எதிர்பார்த்ததெல்லாம் அந்தப் பிள்ளையைத்தான். நம் தெருவிலும் பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, தனியாகப் பண்டிகை கழிக்கிற பெரியவர்கள் மூன்று வீட்டில் இருக்கிறார்கள். கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது அவர்கள் வாசலில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறோம். நீ வந்து ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் உட்கார். அவர்கள் பேசுவதைக் கேள். கண் தெரியாதவர்களுக்கு இந்த அதிகாரத்தையே வாசித்துக் காட்டி ஜெபம் பண்ணு. செலவில்லை என்பதற்காக இது லேசான வேலை என்று நினைக்காதே.

சின்னப் பிள்ளைகளுக்கு வெறுங்கையை நீட்ட உனக்கு மனசு வராது, தெரியும். கடைக்காரர்களுக்குத்தான் 25ஆம் தேதியோடு கிறிஸ்துமஸ் முடிகிறது. சபைக்கு அன்றுதான் தொடங்கி, ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரை போகிறது. சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்ததை நினைக்கிற நாள் அது. அதற்குள் உனக்குச் சம்பளம் வந்துவிடும். ஆளுக்கொரு கதைப்புத்தகம் வாங்கி அனுப்பு. ஏன் அந்தத் தேதியில் வருகிறது என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

டிக்கெட்டை இன்றே பார். ரயிலில் இடம் இல்லையென்றால் பஸ்ஸில் ஏறு. 24 சாயங்காலத்துக்குள் வந்துவிட்டால் அதிகாலை ஆராதனைக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம். போன வருஷத்துச் சேலையே போதும். கடன் விஷயத்தை அம்மாவிடம் நீயேதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். கார்டு பில்லை எடுத்துக்கொண்டு வா. 26ஆம் தேதி உட்கார்ந்து, மாசாமாசம் எவ்வளவு அடைக்கலாம் என்று கணக்குப் போடுவோம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
பெரியப்பா