நண்பர் எழுதிய புத்தகத்தைத் திருத்தித் தருவது எப்படி?

விருத்தாசலத்தில் செராமிக் தொழிலில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் தன் தொழில் அனுபவங்களைப் புத்தகமாக டைப் செய்தார். பைலை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நான் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றேன். அவர் அதை நம்பி, சொந்தப் பணத்தில் 200 பிரதிகள் அச்சிட்டுவிட்டார். சூளை பற்றிய அத்தியாயம் முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகள்!

காரணம் எளிது. அந்த அத்தியாயம் மட்டும் பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்த குறிப்பிலிருந்து காப்பி செய்யப்பட்டது. பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியும்; இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். என் கம்ப்யூட்டரிலும் பாமினி இல்லை. படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இத்தகைய பகுதிகளை யூனிகோட் மாற்றி மூலம் மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் அறிமுகமாயின. இன்று யாரும் கட்டணமின்றி தம் நூலை அங்கு வெளியிடலாம். ஆனால் எடிட்டர், பிழை திருத்துபவர் யாரும் அங்கு இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் கூட, ஒருவர் டைப் செய்ததை இன்னொருவர் மெய்ப்பு பார்ப்பது வழக்கம். அந்த இன்னொருவர் நாம்தான்.

முதலில் பைலை வேறு பெயரில் சேவ் செய்திடுங்கள். வேர்டில் ரிவ்யூ டேப் சென்று ட்ராக் சேஞ்சஸ் என்பதில் கிளிக் செய்திடவும். (லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸ், பின் ரெக்கார்ட்.) இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வண்ணத்தில் தெரியும். எழுதியவர் அவற்றை அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் செய்யலாம்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. "கௌரவம்" என்பதைப் பலர் "கெளரவம்" என, கொம்பும் ளகரமுமாக டைப் செய்கிறார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. "கெள" என்பதை பைண்ட் கட்டத்தில் கொடுத்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். ரீப்ளேஸ் ஆல் மட்டும் வேண்டாம். கெளுத்தி மீன் சிதைந்துவிடும்!

எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம். குறையைச் சொல்வதில்தான் நமக்குத் தயக்கம். "சுவாரசியமாக இல்லை" என்று எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. சம்பந்தப்பட்ட வரியைத் தேர்ந்தெடுத்து நியூ காமெண்ட் கிளிக் செய்து, "இங்கே 1,200 டிகிரி, நான்கு பக்கம் தள்ளி 1,250. எது சரி?" என்று கேளுங்கள். அவருடைய ஊர்ப் பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம்.

சூளைக்குப் போகாத பச்சை மண் உடைந்தால் ஊறவைத்துத் திரும்பப் பிசையலாம், வெந்த பிறகு முடியாது என்று நண்பரே எழுதியிருக்கிறார். மின்நூலில் திருத்திய பைலை மீண்டும் ஏற்றலாம்தான்; ஆனால் முன்பே வாங்கியவரிடம் பழைய பைல் இருக்கக்கூடும்.

இரண்டாம் பதிப்புக்காக இம்முறை 63 காமெண்ட்கள் அனுப்பினேன். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் பைல் வந்தது, 19 ரிஜெக்ட்களுடன். அவற்றில் பத்தாவது அவர் சொன்னதே சரி.