ஆரத்தித் தட்டும் வெல்லக் கொப்பரையும்

ஆரத்தி எடுப்பதற்கு மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலக்கிறோம்; நீர் சிவந்துவிடுகிறது. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிறது. எலுமிச்சைச் சாறு அமிலம், சுண்ணாம்பு காரம். (இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பு அன்று.) அமிலமும் காரமும் சேரும்போது ஒன்றின் வலிமையை மற்றொன்று தணிக்கிறது. இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர்.

இதையே தொழிலாகக் காண மறையூருக்குப் போகலாம். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியில், இடுக்கி மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் தமிழ் பேசுவோர் பலர் வாழ்கின்றனர். இவ்வூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்புச் சாறு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. அப்படியே காய்ச்சினால் சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்து, வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். ஆகவே கொப்பரையில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அமிலம் தணிகிறது, அழுக்கும் நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. சுண்ணாம்பு மிகுந்தாலோ வெல்லம் கறுத்துவிடும். அளவறிந்து போடுவதில்தான் தொழில் திறமை இருக்கிறது.

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவை பி.எச். எனப்படும். இதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நம் இரைப்பையில் 1.5 முதல் 3.5 வரை இருக்கும். இரத்தத்திலோ 7.35 முதல் 7.45 வரைதான் இருக்க வேண்டும்.

இந்த அளவைக் காப்பவை மூன்று. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அமிலத்தை உடனே தணிக்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மிஞ்சிய அமிலத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. ஆகவே 'காரத் தண்ணீர்' குடித்து இரத்தத்தை மாற்றலாம் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் இந்தக் காவல் தோற்கும் நேரமும் உண்டு. உடலில் இன்சுலின் மிகவும் குறைந்தால், சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடல் கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, பழவாடை வீசும் மூச்சு, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் படும் பாடே அந்த மூச்சு வாங்கல். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத குழந்தைக்கும் இது முதல் அறிகுறியாக வரலாம்.

'வயிற்றுக் கோளாறு' என்று எண்ணிச் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்சுலினும் நீர்ச்சத்தும் காலத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்கும். கொப்பரைக்குச் சுண்ணாம்பு போதும். உடலுக்கு மருத்துவரே வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏன் மாறுகிறது என்று பெற்றோருக்கு விளக்குங்கள்.