தங்கமும் வட்டி வீதமும்

பொருளாதாரம் சரிந்தால் தங்கம் ஏறும் என்று நம்பிக் கடனட்டையிலும் பவுண் வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் தங்கம் வட்டி ஈட்டாது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டொலர். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 20 வீதமளவுக்கு உயர்த்தவே, வங்கி வைப்பே ஆதாயமாயிற்று. 1982 யூனில், நாடு மந்தத்தில் கிடந்தும், தங்கம் 300 டொலருக்குக் கீழ். 2008 நெருக்கடியிலும் காசு தேவைப்பட்டோர் விற்றதால் விலை முதலில் இறங்கியது. அவ்வாண்டு முடிவில் வட்டி பூச்சியத்தை அண்மித்தது. தங்கம் ஏறி 2011இல் 1,900 டொலரை எட்டியது. ஆகவே நாம் பார்க்கவேண்டியது, வட்டியில் பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதை. தாலிக்கொடிக்கு இக்கணக்கு வேண்டாம். சேமிப்பென்று வாங்கினால், கடனட்டை வட்டி 18 வீதமாயின், கூலி, சேதாரம் சேர்க்காமலே ஓராண்டில் விலை 18 வீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும்.