கடலுக்குள் ஒரு முகவரி

ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருப்பெயரும் கதவு எண்ணும் போதும். ஆனால் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, எங்கு நோக்கினும் நீராகவே தெரியும் கடலில் ஓர் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் அந்த இடம் நீருக்கடியில் பத்துப் பாகம் ஆழத்தில் இருந்தால்? (ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர்.)

தூத்துக்குடிக் கடலில் இத்தகைய இடங்கள் பல உண்டு. அவற்றைப் 'பார்' என்பார்கள். கடலடியில் பாறை பரவிய திட்டுகள் அவை. முத்துச்சிப்பிகள் இவற்றைப் பற்றிக்கொண்டுதான் வளர்கின்றன. தொளாயிரம் பார், நாகரைப் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற கடல் உயிரியலார் இவற்றை ஆராய்ந்து 1922இல் விரிவாக எழுதினார். 1955 முதல் 1961 வரை இங்கு ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. பிறகு நின்றுபோயிற்று. 1961இல் இருபது வயதில் மூழ்கியவருக்கு இன்று வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

கருவி எதுவும் இல்லாமல் அவர்கள் பாரை எப்படிக் கண்டார்கள்?

இரண்டு கோடுகள், ஒரு புள்ளி

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பள்ளி மைதானத்தில் நின்று, முன்னும் பின்னுமாக உள்ள ஒரு கம்பத்தையும் மரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்படி நில்லுங்கள். இப்போது நீங்கள் ஒரு நேர்கோட்டின் மேல் இருக்கிறீர்கள். வேறு திசையில் மற்றொரு இணையையும் இதேபோல் நேராக்குங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். நாளை வந்தாலும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

கடலில் கம்பத்துக்குப் பதில் கோயில் கோபுரம், மாதா கோயில் உச்சி, கலங்கரை விளக்கம், தேரி மணல்மேடு. அவ்வளவுதான் வேறுபாடு! திருவனந்தபுரம் கரையோரத்தில் இம்முறையைக் 'கணிச்சம்' என்கிறார்கள். அங்கு ராபர்ட் பனிப்பிள்ளை என்பவர் மீனவர்களின் இத்தகைய கடலறிவைத் திரட்டிப் பதிவு செய்து வருகிறார்.

இது எவ்வளவு துல்லியம்? நம் கண் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, விலகலை உணரும். முன் அடையாளம் 15 கிலோமீட்டரிலும், பின் அடையாளம் அதற்கு அப்பால் 3 கிலோமீட்டரிலும் இருந்தால், வள்ளம் 26 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே அவை விலகித் தெரியும். பின் அடையாளம் அரைக் கிலோமீட்டர் மட்டுமே அப்பால் இருந்தால் 135 மீட்டர் நகர வேண்டும். ஆகவே இடைவெளி அதிகமான இணையைத் தேர்ந்தெடுப்பதே திறமை. அந்தத் திறமை வாய்மொழியாகவே வந்தது.

ஏன் உயரமான அடையாளங்கள்? பூமி உருண்டை அல்லவா! உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கடல்மட்டத்திலிருந்து கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 கிலோமீட்டர். எனவே 15 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு, கரையில் நிற்கும் 36 மீட்டர் கோபுரத்தின் கீழ் 8 மீட்டர் மறைந்து, மேல் 28 மீட்டர் மட்டும் தெரியும். கரை தெரியாது, கோபுரம் தெரியும்.

எண் மட்டும் போதுமா?

இன்று படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு அது இடத்தைக் கணக்கிடுகிறது. மிக வசதியானதுதான். ஆனால் அது தருவது எண்களை மட்டுமே. பாரின் பெயர், எந்த அடையாளங்களால் அதைக் கண்டார்கள், கச்சான் காற்றிலும் கொண்டல் காற்றிலும் எப்படி அணுகினார்கள் என்பதெல்லாம் எண்ணுக்குள் இல்லை.

அடையாளங்களும் மாறுகின்றன. புதுக் கட்டடம் எழுந்து பழைய கோபுரத்தை மறைக்கலாம். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள்ளேயே மூழ்கிவிட்டது.

இயற்கையைப் பற்றிய மரபறிவும் பண்பாட்டுச் செல்வமே என்று யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. கோயிலைப்போல் இதைத் தொட்டுப் பார்க்க முடியாது. சொல்லத் தெரிந்தவர் போனால் அதுவும் போய்விடும்.

கணினி வரைபடம் உதவுவது இங்கேதான். முதியவர் சொல்லும் அடையாளங்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வோர் இணையையும் கோட்டால் இணைத்துக் கடலுக்குள் நீட்டுங்கள். கோடுகள் வெட்டும் இடமே பார். அந்தப் புள்ளியுடன் அவர் குரல், பாரின் பெயர், ஆழம், அடித்தரை, காற்று ஆகியவற்றைச் சேருங்கள். பிறகு ஜி.பி.எஸ். அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முதியவர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோபுரம் இடம் மாற்றிக் கட்டப்பட்டிருக்கலாம்; அவர் சொன்ன மரம் வெட்டப்பட்டிருக்கலாம். அந்த வேறுபாடே ஊரின் வரலாற்றைச் சொல்லும்.

ஒன்றை மறவாதீர்கள். மீன் கிடைக்கும் இடம் ஒரு குடும்பத்தின் சோறு. அதை உலகறிய வெளியிட்டால், நாளை பெரிய விசைப்படகுகள் அங்கே வந்து நிற்கும். எனவே துல்லியமான இடம் ஊராரிடமே இருக்கட்டும். பெயரும் முறையும் மட்டும் பொது வரைபடத்தில் வரட்டும். எதை வெளியிடலாம் என்று சொன்னவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் இல்லாத ஊரா? கவலை வேண்டாம். உங்கள் குளத்தின் மடைகளுக்கும் வயல்களுக்கும் பெயர் இருக்கும். இந்த விடுமுறையில் தாத்தாவுடனோ பாட்டியுடனோ ஒரு மாலை நடந்து வாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வரைபடத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்; கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.